மலைநாட்டு வீட்டில் சூடு-குளிர் ஏ.சி.: ஈரம் தங்காமல் பராமரிக்கும் முறை

கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஏ.சி.யைக் கெடுப்பது தூசும் உப்புக்காற்றும். மலைநாட்டில் அதைக் கெடுப்பது ஈரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் ஹட்டன், தலவாக்கலை பக்கமெல்லாம் மூட்டம் நாள்கணக்கில் விலகாது. அலுமாரிக்குள் வைத்த தோல் செருப்பில்கூட பூஞ்சணம் பூத்துவிடும். அந்தக் காற்றைத்தான் சுவரில் மாட்டிய ஏ.சி.யும் உள்ளே இழுக்கிறது. அதனால் இங்கே பராமரிப்பு என்றால் பெரும்பாலும் ஒரே வேலைதான்: ஏ.சி.யின் வயிற்றுக்குள் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது.

இந்தக் கட்டுரை, சுவரில் ஒரு பெட்டியும் வெளியே ஒரு பெட்டியுமாக வரும் ஸ்ப்ளிட் ஏ.சி.யை முதன்முறையாகச் சொந்தமாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கானது. உங்களுடையது சூடும் தருமா, குளிர் மட்டும்தானா என்று தெரியவில்லையென்றால் ரிமோட்டில் 'மோட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். சூரியன் படம் வந்தால் சூடும் தரும். பனிப்பூவும் நீர்த்துளியும் விசிறியும் மட்டும் வந்தால் குளிர் மட்டும்தான். ஒன்றிரண்டு மொடல்களுக்கு ஒரே ரிமோட்டைக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே வெளிப்பெட்டியின் தகட்டில் சூடாக்கும் திறன் தனியாக எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

முன்மூடியை இரு பக்கமும் பிடித்து மேலே தூக்கினால் முதலில் தெரிவது இரண்டு வலைச்சட்டங்கள். அவை ஃபில்டர். அதற்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருப்பது காயில். காயிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் விழும் தண்ணீர் வடிகுழாய் வழியாக வெளியே போகும். இன்னும் உள்ளே, காற்று வெளியேறும் வாயில் டோர்ச் அடித்துப் பார்த்தால் நீளமான உருளை ஒன்று தெரியும். அதுதான் புளோவர். வலது ஓரத்தில் மூடிய பெட்டிக்குள் மின்பலகையும் மோட்டாரும் இருக்கும். பெரும்பாலான மொடல்களில் அது வலது பக்கம்தான். அந்தப் பக்கம் தண்ணீர் போகவே கூடாது.

குளிரூட்டும்போது உள்ளேயுள்ள காயில் குளிர்ந்து, அறைக் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்துத் தட்டில் விழுகிறது. சூடாக்கும்போது வேலை அப்படியே திரும்பிவிடுகிறது: வெளிப்பெட்டிக்குள் இருக்கும் வெளிக்காயில் குளிர்ந்து வெளியே நீர் சொட்டும், உள்ளே சொட்டு நீரும் வராது. மலைநாட்டில் வரும் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் இந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை சூட்டுக்கு மட்டும் ஓடிய ஏ.சி.யின் வடிகுழாயில் மூன்று மாதமாகத் தண்ணீரே ஓடியிருக்காது. முன்பு தங்கிய வழுவழுப்பான பாசி அதற்குள் காய்ந்து இறுகியிருக்கும். ஏப்ரல் சீசனுக்கு உறவினர்கள் வந்து, ஒரு வெயில் மத்தியானம் குளிருக்கு மாற்றியதும் தட்டு நிரம்பிக் கட்டில்மேல் கொட்டும். ஏ.சி. உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். குழாய்தான் அடைத்திருக்கிறது.

ஃபில்டர்

தினமும் ஓடும் ஏ.சி.க்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வீடு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்தால் கிழமைக்கு ஒருமுறை. தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய தேயிலைப் பஞ்சு, பழுப்பு நிறக் கம்பளிபோல வலையில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பு உள்ள வீட்டில் வேறு சிக்கல்: புகையின் பசை வலையில் படிந்து அதன்மேல் தூசு ஒட்டும். குழாய்த் தண்ணீருக்கு மட்டும் அது போகாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு 10 நிமிடம் ஊறவைத்து, வலையின் பின்புறத்திலிருந்து தண்ணீர் அடியுங்கள். முன்புறத்திலிருந்து அடித்தால் அழுக்கு கண்ணிக்குள் இன்னும் இறுகும். கொதிநீர் வேண்டாம், சட்டம் நெளிந்துவிடும்.

கழுவுவது சுலபம், காயவைப்பதுதான் இங்கே பாடு. மூட்டம் பிடித்த நாளில் கொடியில் போட்ட ஃபில்டர் மறுநாள் வரைக்கும் நசநசவென்றே இருக்கும். அடுப்புக்கு மேலே தொங்கவிடவும் கூடாது, மறுபடியும் புகை படியும். மேசை விசிறிக்கு முன்னால் நிறுத்தி இரண்டு மூன்று மணிநேரம் காற்றுக் கொடுங்கள். விரலால் வலையின் ஓரச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் ஒளிந்திருப்பது அந்த மூலையில்தான். ஈர ஃபில்டரை மாட்டி மூடினால் இரண்டு நாளில் மக்கிய சாக்கு வாடை வரும். தொடர்மழைக் காலத்தில் கழுவாமல், உலர்ந்த பிரஷால் தட்டியோ வெக்யூம் கிளீனரால் இழுத்தோ சுத்தம் செய்வதே நல்லது. கடையில் உங்கள் மொடலுக்கு இன்னொரு சோடி கிடைத்தால் வாங்கி வையுங்கள். மலைநாட்டில் ஏ.சி.க்காகச் செலவழிக்கும் பணத்தில் மிகப் பயனுள்ளது இதுதான்.

வடிகுழாயை முதலில் பாருங்கள்

காயில் கழுவுவதற்கு முன் வடிகுழாய் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். கழுவுகிற தண்ணீர் முழுவதும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் சுவர்தான் நனையும்.

மின்சாரத்தை பிரேக்கரில் அணைத்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, காயிலின் இடதுபக்கத் தகடுகளில் அரை லீற்றர் தண்ணீரை மெதுவாக, ஐந்து நிமிடத்துக்குப் பரவலாக விடுங்கள். வெளியே ஒருவர் குழாய் முனையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஓரிரு நிமிடத்தில் தண்ணீர் நூலாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. வரவேயில்லையென்றால் விடுவதை உடனே நிறுத்துங்கள்.

அடைப்பை எடுக்க, ஈரம் இழுக்கக்கூடிய வெக்யூம் கிளீனரின் வாயை வெளிமுனையில் வைத்து, இடைவெளியை ஈரத்துணியால் சுற்றி, ஒரு நிமிடம் இழுங்கள். அது இல்லாவிட்டால் பெரிய மருந்து ஊசிக்குழாயும் பொருத்தமான ரப்பர்க் குழாய்த் துண்டும் போதும். வெளியிலிருந்து உள்நோக்கி ஊதாதீர்கள். பாசி முழுவதும் திரும்பித் தட்டுக்கு வந்து, இன்னொரு நாள் அடைக்கும். வெளியே வருவது பழுப்பும் சாம்பலும் கலந்த ஜவ்வரிசிக் கஞ்சிபோல இருக்கும். அது பக்டீரியாவும் பூஞ்சணமும் சேர்ந்த படலம். ஈரமும் இருட்டும் இருக்கும் இடத்தில் அது திரும்ப வளரும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை லீற்றர் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள்.

குழாயின் சரிவையும் பாருங்கள். ஒரு மீற்றர் ஓட்டத்துக்குக் குறைந்தது ஒரு சென்ரிமீற்றராவது இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்து வளைந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி அங்கேதான் பாசி பிடிக்கும். ஒரு கிளிப் அடித்து நிமிர்த்துங்கள். குழாய் முனை வாளித் தண்ணீருக்குள்ளோ கானின் சேற்றுக்குள்ளோ முங்கியிருக்கக் கூடாது. காற்று போக வழியில்லையென்றால் நீர் இறங்காது. மண்கூடு கட்டும் குளவி இந்த முனையைத் தேடி வந்து மெழுகிவிடும். நீண்டநாள் பாவிக்காத ஏ.சி. என்றால் முனையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே போடுங்கள்.

காயில் கழுவுதல்

வருடத்துக்கு இரண்டுமுறை போதும்: மழை தொடங்குவதற்கு முன் ஏப்ரல் கடைசியில் ஒன்று, குளிர்காலத்துக்கு முன் நவம்பரில் ஒன்று. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காற்று அடித்துத் தூசு கிளப்பும். அங்கே செப்டம்பரிலும் ஒருமுறை பார்க்கலாம்.

வேண்டியவை: உறுதியான ஏணி, டோர்ச், 2 அங்குல மென்மையான பெயின்ட் பிரஷ், பழைய பெட்சீட், பொலிதீன், கையால் அழுத்தும் ஸ்ப்ரே போத்தல். மரக்கறித் தோட்டத்துக்கு மருந்தடித்த ஸ்ப்ரேயை எத்தனை தரம் கழுவியிருந்தாலும் இதற்கு எடுக்காதீர்கள். அதில் மிஞ்சியிருப்பது காயிலில் படிந்து, பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் காற்றோடு வரும்.

1. பிரேக்கரை அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. மின்பலகையில் தங்கிய மின்சாரம் இறங்க ஐந்து நிமிடம் விடுங்கள்.

2. கட்டிலையும் டீவியையும் மூடி, வலதுபக்க மின்பெட்டியைப் பொலிதீனால் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

3. உலர்ந்த பிரஷால் தகடுகள் ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தடவுங்கள். குறுக்காக இழுத்தால் தகடுகள் மடங்கி அந்த இடத்தில் காற்று நின்றுவிடும். அவை தகரத்தாளைவிட மெலிசு, நகம் பட்டாலே வளையும்.

4. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மேலிருந்து மென்மையாக ஸ்ப்ரே பண்ணுங்கள். கடையில் விற்கும் ஏ.சி. நுரை என்றால், அலுமினியத்துக்கு ஏற்ற நடுநிலை வகையா என்று போத்தலில் வாசித்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஊறட்டும்.

5. இன்னொரு ஒன்று, ஒன்றரை லீற்றர் சுத்தத் தண்ணீரால் அலசுங்கள். வெளியே குழாயில் வரும் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி தொடங்கி, தெளியும் வரை.

6. மூடியைத் திறந்தபடியே ஒரு மணிநேரம் விட்டு, பொலிதீனை எடுத்து, மின்பெட்டி உலர்வாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் பிரேக்கர். சூட்டு மோடில் 24 பாகையில் அரை மணிநேரம் ஓடவிடுங்கள்.

குளோரின் கலந்த வெளுப்பான், கழிவறை அமிலம், வினாகிரி எதுவும் வேண்டாம். பூஞ்சணம் சாகும் என்பது உண்மை, ஆனால் அலுமினியமும் சேர்ந்தே அரிக்கும். அரித்த காயிலில் ஊசிமுனை ஓட்டை விழுந்து, உள்ளே சுற்றும் குளிரூட்டும் காஸ் வெளியேறிப் போனால், காயிலையே மாற்ற வேண்டி வரும். பிரஷர் வொஷரை உள்பெட்டிக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

புளோவரில் படியும் கறுப்பு

காற்றுவாயின் இதழ்களைக் கையால் மெதுவாகத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். புளோவர் இதழ்கள் சிறு கரண்டிகள்போல உட்பக்கம் குழிந்திருக்கும். புதியதில் அந்தக் குழி வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். ஒரு மழைக்காலம் கடந்த ஏ.சி.யில் ஒவ்வொரு கரண்டியின் விளிம்பிலும் மெல்லிய கறுப்பு மயிர் வரிசைபோல ஒன்று நிற்கும். பஞ்சுக் குச்சியால் தொட்டால் ஈரக்கரி போல ஒட்டும். அதுதான் பூஞ்சணம். கரண்டி நிறைய நிறைய அது அள்ளும் காற்று குறையும். விசிறி சத்தம் அதே மாதிரி இருக்க, கையை நீட்டினால் காற்று மட்டும் வராது. வெள்ளைத் தலையணை உறையில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் விழுந்தால் அவையும் இதிலிருந்து தெறித்தவைதான்.

கொஞ்சமாக இருந்தால், பிரேக்கரை அணைத்து, உருளையைக் கையால் ஒவ்வோர் இதழாகத் திருப்பி, நீண்ட கைபிடியுள்ள மென்பிரஷை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். பொறுமை வேண்டும், ஒரு மணிநேரம் பிடிக்கும். ஒரு பக்க இதழில் மட்டும் அழுக்கை எடுத்து மறுபக்கம் விட்டால் உருளை சமநிலை தவறி 'உர்ர்' என்று அதிரும். ஆகவே தொடங்கினால் முழுச் சுற்றும் முடியுங்கள். கரண்டி நிரம்பியிருந்தால் நீங்கள் முயல வேண்டாம். ஏ.சி.க்குக் கீழே கழுவும் பையைக் கட்டி, பம்பால் கழுவிக்கொடுக்கும் சேர்விஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

அது திரும்ப வளராமலிருக்க ஒரு பழக்கம் போதும். குளிர் மோடோ, நீர்த்துளிப் படமுள்ள 'ட்ரை' மோடோ ஓடி முடிந்ததும், அணைப்பதற்கு முன் சூட்டு மோடில் 15, 20 நிமிடம் விடுங்கள். காயில் சூடாகி, அதில் தங்கிய நீரும் தட்டின் ஈரமும் உலர்ந்துவிடும். சூடு இல்லாத ஏ.சி. என்றால் விசிறி மோடில் ஒரு மணிநேரம். சில மொடல்களில் இதைத் தானே செய்யும் வசதி உண்டு. அணைத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடினால் பிரேக்கரில் நிறுத்திவிடாதீர்கள், அது தன்னை உலர்த்திக்கொண்டிருக்கிறது.

அறையின் ஈரத்துக்கு எது நல்லது

அறை 18 பாகைக்குக் கீழே இருக்கும்போது 'ட்ரை' மோட் போட்டுப் பயனில்லை. அது மெதுவான குளிர் மோட்தான். குளிர்ந்த அறையில் காயில் உறையும், ஈரமும் அவ்வளவாகக் குறையாது. குளிர்நாளில் ஈரத்தைக் குறைப்பது சூடு. வெளியே 10 பாகையில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை உள்ளே 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 45 சதவீதமாக இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை. சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூட. ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி அறையில் வைத்து, 50க்கும் 60க்கும் இடையில் வைத்துக்கொண்டால் சுவரும் உடுப்பும் ஏ.சி.யும் பிழைக்கும். அதே அறையில் ஈரத்துணி காயப்போட்டால் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும்.

சூட்டுக்கு 20, 21 பாகை போதும். 30 என்று வைத்தால் சீக்கிரம் சூடாகாது, நிற்காமல் ஓடி பில்தான் ஏறும். இதழ்களைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். சூடு மேலே ஏறும். பழைய பங்களாக்களின் உயர்ந்த சீலிங்கில் அது போய்த் தேங்கிவிடும். குளிருக்கு இதழ்கள் நேராக. ஆயிரம் வாட் கம்பி ஹீட்டர் தருவது ஆயிரம் வாட் சூடு மட்டுமே. ஏ.சி.யோ வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வருவதால், வெளியே 7 பாகை இருக்கும்போதும் நல்ல நிலையில் உள்ள ஒன்று அதே மின்சாரத்துக்கு மூன்று மடங்கு வரை தரும். அழுக்குப் படிந்தால் இந்த இலாபம்தான் முதலில் போகும்.

சூடு வெளியேறாமல் கதவிடுக்கை அடைக்கிறவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடைத்த அறையில் கரிச்சட்டி மூட்டாதீர்கள். கரி எரிந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழும்பவே மாட்டார். ஏ.சி. ஓடினாலும் வெளிக்காற்று உள்ளே வராது. இருக்கும் காற்றையே அது சுழற்றுகிறது.

வெளிப்பெட்டி

கிட்டப் போகுமுன் மூன்று மீற்றர் தள்ளி நின்று இரண்டு நிமிடம் பாருங்கள். தேயிலை மலையில் குளவிக்கொட்டு உயிரையே எடுக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிப்பெட்டியின் பின்புறமும் அடிப்புறமும் கூடு கட்ட வசதியான இடம். போக்குவரத்து தெரிந்தால் விட்டுவிடுங்கள், கூட்டை எடுக்கத் தெரிந்தவர் வரட்டும்.

கூடு இல்லையென்றால், பிரேக்கரை அணைத்து, பின்பக்கத் தகடுகளில் ஒட்டிய சவுக்கு, யூகலிப்டஸ் இலைகளைக் கையால் எடுங்கள். பாசி படிந்திருந்தால் தோட்டத்து ஹோஸால் மென்மையாக, நேராகத் தண்ணீர் விடுங்கள். முன்புறம் குறைந்தது 60 சென்ரிமீற்றர் வெட்டவெளி வேண்டும்; பின்புறம் 15, 20 சென்ரிமீற்றராவது. பூச்சட்டி அடுக்குவதற்கும் விறகு சாய்ப்பதற்கும் அது இடமல்ல. மழைக்கென்று தகரம் போட்டு நாலு பக்கமும் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே மட்டும் சிறு கூரை போதும். பெட்டி மழைக்குத் தாங்கும். மூச்சு முட்டினால் தாங்காது.

அடித்தட்டில் சில துளைகள் இருக்கும். சூட்டுக் காலத்தில் வெளிக்காயிலில் வியர்க்கும் தண்ணீர் இறங்குவது அதன் வழியாக. இலையும் பாசியும் அதை மூடினால் தண்ணீர் தேங்கி, ஜனவரி விடியற்காலையில் புல்மேல் உறைபனி விழும்போது தட்டிலும் கட்டியாகும். விசிறி இதழ் அதில் உரசிக் 'கடகட' என்று சத்தம் வரும். ஒரு குச்சியால் துளைகளைத் திறந்துவிட்டால் போதும். பெட்டி நடைபாதைக்கு மேல் மாட்டப்பட்டிருந்தால் சொட்டும் இடத்தில் பாசி பிடித்து வழுக்கும். ஒரு குழாய் பொருத்திக் கானுக்கு விடுங்கள்.

மின்பலகைப் பக்கம் பல்லியும் எறும்பும் சூட்டைத் தேடிப் போகும். இரண்டு முனையைச் சேர்த்துப் பல்லி செத்தால் பலகை எரியும். குழாயும் வயரும் உள்ளே நுழையும் ஓட்டையைப் புட்டியால் அடைப்பது ஐந்து நிமிட வேலை.

குளிர்காலத்தில் கோளாறுபோலத் தெரிபவை

சூடு போட்டதும் மூன்று நான்கு நிமிடம் காற்று வராது. காயில் சூடாகும்வரை விசிறி காத்திருக்கிறது, குளிர்காற்று மேலே படாமலிருக்க. அவசரப்பட்டு அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்.

இரவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று விசிறி நின்று, வெளிப்பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பினால் அதுவும் சரியே. ஈரமான குளிர்காற்றில் வெளிக்காயில்மேல் வெண்பனி படியும். ஏ.சி. சில நிமிடம் திசை மாறி அந்தக் காயிலைச் சூடாக்கி உருக்குகிறது. புகைபோலத் தெரிவது நீராவி. ஐந்து, பத்து நிமிடத்தில் சூடு திரும்பிவரும். எரிந்த வாடை இருந்தால் மட்டும் பிரேக்கரை அணையுங்கள். பத்து நிமிடம் கழிந்தும் காயிலில் கெட்டிப் பனிக்கட்டி அப்படியே நின்றால், அல்லது கீழ்ப்பாதி மட்டும் உறைந்து மேல்பாதி வெறுமையாக இருந்தால், காஸ் குறைவோ உணரியின் (சென்சர்) பழுதோ இருக்கலாம். கத்தியால் சுரண்டவோ கொதிநீர் ஊற்றவோ வேண்டாம்.

மின்சாரம்

ஏ.சி.க்குத் தனி வயர், தனி பிரேக்கர். 12,000 பி.டி.யு. (ஏ.சி.யின் திறனைச் சொல்லும் அளவு) வரையான ஏ.சி.க்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் பொதுவாகப் போதும். பிரேக்கர் அளவு அதன் கையேட்டில் இருக்கும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஒருபோதும் போடாதீர்கள். எர்த் வயர் உண்மையில் மண்ணுக்குப் போகிறதா என்று மின்வேலை செய்பவரைக் கொண்டு அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் பேருக்கு மட்டும் ஒரு பச்சை வயர் இருக்கும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; விழாவிட்டால் மாற்றுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வரும். வானம் கறுக்கும்போதே பிரேக்கரை இறக்கிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு பெட்டியைத் தொடப் போக வேண்டாம். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்தே போடுங்கள். மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஹீட்டரும் ஏறும்போது லைன் கடைசியிலுள்ள வீடுகளுக்கு அழுத்தம் இறங்கும். 'டிக்' என்று தொடங்கி உடனே நின்றால், பழுது என்று முடிவு கட்டுமுன் அந்த நேரத்தில் வோல்ட் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால், வெளிப்பெட்டியில் காஸை அழுத்தும் கொம்ப்ரெசரைக் குறை சொல்ல முடியாது.

சேர்விஸ்காரர் வரும்போது

காஸ் தேய்ந்துபோகிற பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வருடா வருடம் 'காஸ் அடிக்க வேண்டும்' என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லுங்கள். வெளிப்பெட்டியில் பித்தளை நட்டு இறுகும் இடத்தில் எண்ணெய்ப் பசையாகக் கறுத்திருக்கிறதா பாருங்கள். அங்கே சவர்க்காரத் தண்ணீர் தடவினால் குமிழி கிளம்பும். தகட்டில் எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். கசிவை அடைத்தபின் வெக்யூம் பம்ப் போட்டு, தராசில் நிறுத்து அதே அளவை ஏற்ற வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்பது அளவல்ல. தகட்டில் ஆர் 32 என்று எழுதியிருந்தால், அந்தக் காஸ் எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்பும் பீடியும் எட்டவே இருக்கட்டும். இன்னும் ஆர் 22 காஸில் ஓடும் பழைய ஏ.சி. இருந்தால் பெருஞ்செலவுப் பழுது பார்க்க வேண்டாம். மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்முக நாடுகள் 2030க்குள் அந்தக் காஸை விட்டுவிட வேண்டும். தட்டுப்பாடு கூடிக்கொண்டே போகும்.

அவர் போவதற்கு முன் ஒரு சாதாரண வெப்பமானியால் நீங்களே அளந்து பாருங்கள். சூட்டில் 15 நிமிடம் ஓடியபின், மேலே காற்று இழுக்கும் இடத்துக்கும் கீழே வெளியேறும் இடத்துக்கும் 12 முதல் 20 பாகை வரை வித்தியாசம் இருந்தால் நல்லது. குளிரில் 8 முதல் 12. நுவரெலியாவில் குளிர் மோடைச் சோதிப்பதில் ஒரு தந்திரம் உண்டு: அறையே 16 பாகையில் இருந்தால் ரிமோட்டில் அதற்குக் கீழே இறக்க முடியாது, ஏ.சி. சும்மா நிற்கும். வெயிலுள்ள மத்தியானத்தில், முதலில் சூடு போட்டு அறையை 25க்கு ஏற்றி, மூன்று நிமிடம் விட்டு, பிறகு குளிருக்கு மாற்றி அளந்து பாருங்கள்.

வீட்டைப் பூட்டிப் போகும்போது

சீசன் வீடுகளும், வெளியூரில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். பூஞ்சணம் செழிப்பது அப்போதுதான். போகும் நாளில் சூட்டு மோடில் ஒரு மணிநேரம் ஓடவிட்டு உள்ளே முழுதாக உலர்த்துங்கள். உலர்ந்த ஃபில்டரை மாட்டுங்கள். ரிமோட்டிலிருந்து பற்றரிகளைக் கழற்றுங்கள், ஈரத்தில் அவை கசிந்து உட்தகட்டைப் பச்சையாக்கும். பிரேக்கரை இறக்குங்கள். உள்பெட்டியைப் பொலிதீனால் கட்டி மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபடும். தூசுக்குப் பயந்தால் பழைய பருத்தித் துணி போர்த்துங்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவி இருந்தால் மாதம் ஒருமுறை அரை மணிநேரம் சூடு போடச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் துணியை எடுத்து, வடிகுழாய் முனையையும் வெளிப்பெட்டியையும் கூடு இருக்கிறதா என்று பார்த்து, பிரேக்கரை ஏற்றுங்கள். முதலில் விசிறி மோட், பத்து நிமிடம் கழித்துச் சூடு. அந்த முதல் அரை மணிநேரம் ஜன்னல்களைத் திறந்து வைத்து, பிள்ளைகளையும் இழுப்பு உள்ளவர்களையும் வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள். உள்ளே காய்ந்து கிடந்த பூஞ்சணத் தூள் முதல் காற்றோடுதான் வெளியே வரும்.